கணவாய்க்கு இந்தப் பக்கம்

என் கணவர் கிருபைராஜுக்கு ஆஸ்துமா இன்னும் இருக்கிறது என்ற விஷயம் அப்போது மொத்தம் நாலு பேருக்குத்தான் தெரியும். அவருக்கு, எனக்கு, எங்கள் மகன் ஆட்ரியனுக்கு, கர்த்தருக்கு. இந்த நாலு பேரில் கர்த்தர் ஒருவர்தான் அதைப் பற்றி யாரிடமும் பொய் சொல்லவில்லை.

சான் ஹோசேயில் எங்கள் தமிழ்ச் சபை ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் கூடும். காலையில் அமெரிக்கர்கள் ஆராதனை முடித்துவிட்டுப் போன கட்டடத்தில் அவர்களுடைய காபி வாசனை போவதற்குள் நாங்கள் நுழைந்துவிடுவோம். ஒரு வருஷம் காட்டுத்தீப் புகை ஊரையே மூடியபோது இவருக்கு மூச்சு இழுத்து, எமர்ஜென்சிக்குக் கொண்டுபோக வேண்டியதாகிவிட்டது. சபை முழுவதும் இவருக்காக இருபத்தோரு நாள் உபவாசம் இருந்து ஜெபித்தது. இவரும் தேறினார். அதற்குள் மழை பெய்து புகையும் அடங்கியிருந்தது, அதை நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அந்த வருஷ ஸ்தோத்திரப் பண்டிகையில் இவர் மேடையேறிச் சாட்சி சொன்னார். பன்னிரண்டு வயதிலிருந்து தன்னைப் பிடித்து ஆட்டிய வியாதியைக் கர்த்தர் எடுத்துப்போட்டுவிட்டார் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த நீல இன்ஹேலர் பம்பை உயர்த்திக் காட்டி, மேடை ஓரத்துக் குப்பைக்கூடையில் போட்டார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பாஸ்டர் அழுதார். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான். அந்த நிமிஷம் நானும் முழுசாக நம்பினேன்.

மூன்றாவது வாரம் கேரேஜைப் பெருக்கும்போது தூசி பட்டு மூச்சு இழுத்தது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற அந்தச் சத்தம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பழக்கம். நான் ஒன்றும் பேசாமல் ஃபார்மசிக்குப் போய்ப் புதுப் பம்ப் வாங்கி வந்தேன். அவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அடித்துக்கொள்வார். வீட்டில் இருப்பது மூன்றே பேர். யாருக்குக் கேட்டுவிடும் என்று குழாயைத் திறந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"சபையில சொல்லிடலாமே, திரும்ப வந்திருக்கு, இன்னும் ஜெபம் பண்ணுங்கன்னு" என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"வாயால அறிக்கை பண்ணிட்டேன் லீலா. அதை நானே மாத்திச் சொன்னா, வர வேண்டிய சுகமும் வராமலே போயிடும்" என்றார்.

ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார். இல்லை என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருநாள் இல்லாமலே போய்விடும் என்று நம்பினார். அப்படி நம்புகிற மனுஷனிடம் நான் என்னத்தைச் சொல்ல?

இந்த லட்சணத்தில்தான் பெரு நாட்டு மலைப்பயணம் வந்து சேர்ந்தது. ஏற்பாடு செய்தவள் பிரீத்தா. எங்கள் சபை வாலிபர் கூட்டத்தை நடத்துகிறவள், இருபத்தொன்பது வயது, ஒரு பெரிய கம்பெனியில் புரோகிராம் மேனேஜர். எதையும் அட்டவணை போட்டுத்தான் செய்வாள். நாலு நாள் நடந்து மச்சு பிச்சுவுக்குப் போவது, கைட் உண்டு, சுமை தூக்க ஆள் உண்டு, சபையிலிருந்து ஐந்து பேர் என்று கிளம்பினாள். சூரியனைக் கும்பிட்டவர்கள் கட்டின இடத்துக்கு விசுவாசிகள் போகலாமா என்று ஒரு பெரியவர் ஆட்சேபம் கிளப்பினார். பார்க்கத்தானே போகிறார்கள் என்று பாஸ்டர் சமாதானப்படுத்தினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கிருபை பிரதரும் போகணும், பதினாலாயிரம் அடியில நின்னு அவர் மூச்சு விட்டா அதுவே பெரிய சாட்சி" என்று மைக்கில் சொல்லிவைத்தார்.

எல்லாரும் திரும்பி இவரைப் பார்த்தார்கள். இவர் சிரித்தபடி கையைத் தூக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் கத்தித் தீர்த்தேன். ஃப்ரீவேயை விட்டு இறங்கின பிறகுதான் இவர் வாயைத் திறந்தார். இவருடைய சொந்த ஊர் நாசரேத்தில் பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் வந்தால் எல்லாப் பையன்களும் மைதானத்துக்கு ஓடுவார்களாம், இவரை மட்டும் வாத்தியார் வராந்தாவில் உட்கார வைத்துவிடுவாராம். அப்படி உட்கார்ந்திருந்த காலத்தில் பூகோளப் புத்தகத்தில் பார்த்த படம் அந்த மலைக்கோட்டை. "பெரிய ஆளானதும் இங்க ஏறுவேன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரிச்சான்" என்றார். நாற்பத்தொன்பது வயது மனுஷன். அதற்குமேல் எனக்குக் கத்த மனசு வரவில்லை.

ஃபார்ம் வந்தது. மலைப்பயணக் கம்பெனி கேட்கும் மருத்துவ விவரங்களைப் பிரீத்தாவே ஆன்லைனில் தொகுத்து எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். நிரப்பினால் பதில்கள் அவளுடைய ஷீட்டில் போய் விழும். இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை என்று ஒவ்வொன்றாக வந்து, ஆஸ்துமா அல்லது நுரையீரல் நோய் என்ற கேள்வியில் இவர் நின்றார். "நீயே போடு லீலா. கண்ணாடி மாடில இருக்கு" என்றார். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருந்தது. நான்தான் 'இல்லை' என்பதை அழுத்தினேன். என் விரல்தான்.

பெட்டி கட்டும்போது கம்பளிச் சாக்ஸுக்குள் இரண்டு பம்பைச் சுருட்டி வைத்தேன். அவர் விமானம் ஏறின மறுநாள், பல் தேய்க்கும் பேஸ்ட் எடுக்க பாத்ரூம் இழுப்பறையைத் திறந்தால் இரண்டும் அங்கே இருந்தன. ரூம் ஷேர் பண்ணுகிறவன் கண்ணில் பட்டுவிடும் என்று எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இழுப்பறையை அறைந்து சாத்தினேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

குஸ்கோ நகரத்திலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தார். உதடு மட்டும் வெடித்திருந்தது. பம்பைப் பற்றி ஆரம்பித்தேன். "ஷ்ஷ்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நாலு நாளாச்சு, ஒண்ணும் ஆகல பாத்தியா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. முதல் நாள் நடையில் பார்த்த இன்காக்களின் இடிபாடு ஒன்றின் முன் நின்று எடுத்த படம் பிறகு வந்தது. சாந்தே பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள், நடுவில் ஊசி நுழையாது என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அவருக்கு இது கிடைத்துவிட்டதே என்று எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரீத்தா ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். அவள் பையில் தொங்கும் சேட்டலைட் கருவி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவர்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகரும். இரண்டாவது நாள்தான் கஷ்டமான நாள், ஒரு பெரிய கணவாயை ஏறித் தாண்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குப் பெயர் இறந்த பெண்ணின் கணவாய். வைக்க வேறு பெயரே கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

அது சனிக்கிழமை. நான் வேலை பார்க்கும் குழந்தைகள் டேகேரில் லீவு. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பத்தே கால் இருக்கும், தெரியாத நீளமான நம்பரிலிருந்து ஃபோன் வந்தது.

"ஆன்ட்டி, பிரீத்தா பேசறேன். சேட்டலைட் ஃபோன், எப்ப வேணா கட் ஆயிடும், குயிக்கா சொல்லிடறேன். அங்கிளுக்கு பிரீத் பண்ண கொஞ்சம் கஷ்டமா இருக்கு. ஆல்டிட்யூட்தான். எங்க எல்லாருக்குமே கொஞ்சம் இருக்கு. பயப்படாதீங்க."

"அவர் எங்க?"

"பக்கத்துலதான் இருக்கார். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எங்க கைட் எஃப்ராயின் ஒண்ணு கன்ஃபர்ம் பண்ணச் சொன்னார். அங்கிளுக்கு லங் ப்ராப்ளம் எதுவும் இல்லதானே? பழைய கதை எனக்குத் தெரியும். ஹீல் ஆனப்புறம் திரும்ப வரவே இல்லதானே? அங்கிள் இல்லைங்கறார், ஃபார்ம்லயும் நோன்னு இருக்கு. சும்மா உங்ககிட்டயும் ஒரு வார்த்தை."

பின்னால் யாரோ மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அந்த விசில். மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒன்று, வெளியே விடும்போது நீளமாக இன்னொன்று. அவ்வளவு மோசமாக நான் அதை எமர்ஜென்சிக்குப் போன நாளில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

"யாரு, லீலாவா?" என்று அவர் குரல். இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு.

"இல்லம்மா. திரும்ப வரவே இல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. ஒன்றரை வருஷமாகச் சபையில் யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லி, வாய் அதுவாகவே சொல்லிவிட்டது.

"தேங்க் யூ ஆன்ட்டி. அப்ப ஓகே. லங் ப்ராப்ளம்னா உடனே வந்த வழியே கீழ இறக்கணுமாம். இல்லன்னா ஆக்சிஜன் குடுத்து, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு, மெதுவா பாஸைத் தாண்டிடலாம்னார். கேம்ப் அந்தப் பக்கம்தான் இருக்கு. எஃப்ராயின் ஒரு பம்ப் எடுத்து வச்சிருந்தார், அது வேணாம்னு சொல்லிடறேன், அங்கிளும் அதை..."

லைன் அறுந்துவிட்டது.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். மணி அடிக்கவே இல்லை, ஸ்பானிஷில் ஒரு பெண் ஏதோ சொன்னாள். மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் அவள்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பேசி முடித்ததும் அணைத்துவிடுவோம் என்று பிரீத்தா கிளம்புவதற்கு முன்பே சொன்னது ஞாபகம் வந்தது. பதினோரு தடவை கூப்பிட்டேன். மடித்த துணியெல்லாம் தரையில் கிடந்தது, நான்தான் தள்ளியிருக்கிறேன் போலிருக்கிறது.

லேப்டாப்பைத் திறந்தேன். புள்ளி கணவாய்க்கு இந்தப் பக்கம், கோடு செங்குத்தாக ஏறுகிற இடத்தில் நின்றிருந்தது. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அது கீழே வரும். இல்லை என்று சொல்லிவிட்டேன், மேலே போகும். அவ்வளவுதான் விஷயம்.

ஆட்ரியன் சீரியல் கிண்ணத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தான். பதினாறு வயது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாட் ஹேப்பன்ட்?" என்றான். சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தான். "யூ டோல்ட் தெம் நோ?"

"அப்பா பக்கத்துல இருந்தார்டா. ஸ்பீக்கர்ல எல்லாரும்..."

"அம்மா. ஹி கான்ட் பிரீத்."

அதை அவன் கத்திச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னான்.

குஸ்கோவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கு அவனே ஃபோன் போட்டான். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாக ஸ்பானிஷ் படிக்கிறான். எடுத்த பெண்ணிடம் திக்கித் திக்கிப் பேசினான். அப்பா, ஆஸ்துமா என்ற இரண்டு வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். ஆட்ரியன் என்னைப் பார்த்தான்.

"ஷி சேஸ் தி ஃபார்ம் சேஸ் நோ."

"அது தப்பு, நான்தான் தப்பாப் போட்டேன்னு சொல்லு."

சொன்னான். அந்தப் பெண் தன்மையாகத்தான் பேசினாள். மலை மறைப்பதால் ரேடியோ அந்த இடத்தில் எடுக்காது, அடுத்த செக்போஸ்ட் கணவாயைத் தாண்டித்தான் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்ந்ததும் கைடிடம் சொல்லச் சொல்கிறேன் என்றாள். ஹெலிகாப்டர் கேட்டேன். அங்கே இறங்க இடமில்லை, நோயாளியை ஆட்கள்தான் சுமந்து இறக்குவார்கள் என்றாள். நன்றி சொல்லி வைத்தோம். எதற்கு நன்றி என்று தெரியவில்லை.

புள்ளி நகர்ந்திருந்தது. மேலே.

சபை வாட்ஸ்அப்பில் சத்தம் வந்தது. பிரீத்தாவின் அம்மாதான் எழுதியிருந்தாள். சேட்டலைட் கருவியிலிருந்து மகள் செய்தி அனுப்பியிருக்கிறாள் போல. "கிருபை பிரதருக்கு லேசாக மூச்சுத் திணறல். வியாதி ஒன்றும் இல்லை, உயரம்தான் காரணம் என்று லீலா சிஸ்டரும் உறுதி செய்தார்கள். இப்போது மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். தேவனுக்கே மகிமை." அதற்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. இருநூறு பேருக்குமேல் இருக்கிற குழு. என் பொய்க்கு ஒவ்வொருவராக ஆமென் போட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது, அந்தக் கருவிக்கு நாமும் செய்தி அனுப்பலாம் என்று. வரைபடப் பக்கத்திலேயே, மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. நூற்றறுபது எழுத்துக்குள் எழுத வேண்டும். பிரீத்தாவுக்கு என்று ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்புகிறார், தப்பாக நினைக்காதே என்று எழுதினேன். அதற்குள்ளேயே நூற்றறுபது தீர்ந்துவிட்டது. ஆஸ்துமா என்ற வார்த்தை வரவே இல்லை. அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடியும் அவர் நல்லவர் என்பதில்தான் போய் நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்தாலும் எனக்கு அதை அனுப்பக் கை வந்திருக்காது. அது பிரீத்தா கண்ணில் படும். அவள் அம்மாவுக்குத் தெரியும். ஞாயிறு மூன்று மணிக்குள் சபைக்கே தெரியும். இவர் தலை நிமிர்ந்து நடக்கும் ஒரே இடம் அந்தச் சபைதான். ஆபீஸில் இவரைவிடப் பத்து வயது சின்னவர்கள் இவருக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள். சபையில் மட்டும்தான் இவர் பேச எழுந்தால் ஜனம் காது கொடுத்துக் கேட்கும். அதை என் கையால் எப்படிப் பிடுங்குவது? இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் புள்ளி இரண்டு தடவை மேலே ஏறிவிட்டது.

ஆட்ரியன் என் நாற்காலியைப் பின்னால் இழுத்தான். குனிந்து, எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு அவனே தட்டினான். கிருபைக்கு ஆஸ்துமா இருக்கிறது. போகவே இல்லை. தினமும் பம்ப் அடிக்கிறார். நான் சொன்னது பொய். பம்ப் கொடுத்துக் கீழே இறக்குங்கள். லீலா. ஆங்கிலத்தில் எல்லாம் சேர்ந்து நூற்றறுபதுக்குள் அடங்கியது. சாட்சி கிடையாது, விசுவாசம் கிடையாது, எதுவும் கிடையாது.

"சென்ட் இட், அம்மா. இட்ஸ் யுவர் நேம்" என்றான்.

அழுத்தினேன்.

'அனுப்பப்பட்டது' என்று வந்தது. 'சேர்ந்தது' என்று வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஆட்ரியன் தேடிப் பார்த்தான். வானம் திறந்திருந்தால் சில நிமிஷம், மலைச்சரிவு மறைத்தால் சொல்ல முடியாது என்று போட்டிருந்ததாம். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புள்ளி மாறும். நடுவில் செய்ய ஒன்றுமே இல்லை. ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. சுகம் தாரும் என்று கேட்டுத்தானே இவ்வளவும் ஆனது. பம்பை அடிக்க வையும் ஆண்டவரே என்று கேட்டேன். வாழ்நாளில் நான் கேட்டதிலேயே சின்ன ஜெபம் அது.

அடுத்த தடவை புள்ளி மேலே போயிருந்தது. அதற்கடுத்த தடவையும் மேலேதான், ஆனால் கொஞ்சம். நாற்பது அடிகூட இருக்காது என்றான் ஆட்ரியன். அவர் நாலு அடி நடப்பதும் நிற்பதுமாக ஏறுவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நிற்பார், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், ஒன்றுமில்லை என்று ஒரு கையை ஆட்டுவார். அந்தக் கையாட்டல் எனக்கு அத்துப்படி. இங்கே நான் ஏசி போட்ட ஹாலில், பாத்ரூம் இழுப்பறையில் இரண்டு பம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு 'சேர்ந்தது' என்று வந்தது.

அதன்பிறகு புள்ளி அசையவே இல்லை. பத்து நிமிஷம், இருபது, முப்பது. அசையாத புள்ளிக்கு என்னென்ன அர்த்தம் இருக்கலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆட்ரியன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பத்து வயதுக்குப் பிறகு அவன் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

ஒன்றரைக்குமேல் பதில் வந்தது. "மெசேஜ் கிடைத்தது. அங்கிள் இல்லை என்கிறார். பம்ப் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். எஃப்ராயின் எங்களை எல்லாம் தள்ளிப் போகச் சொன்னார். யாரும் பார்க்காதபோது அங்கிள் எடுத்துக்கொண்டார். கீழே தூக்கிப் போகிறோம்."

அந்தக் கைடை நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் போவதில்லை. பைபிளில் வருகிற பெயரை வைத்துக்கொண்டு, எங்கள் சபையிலேயே இல்லாத புத்தி அவருக்கு இருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, சத்தமாகவே அழுதேன். ஆட்ரியன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். புள்ளி கீழே இறங்க ஆரம்பித்திருந்தது.

ஐந்து மணி நேரம் இறங்கியது. நாலு பேர் மாறி மாறிச் சுமந்தார்களாம். சாலை வரும் இடத்தில் ஒரு வேன் காத்திருந்து, பக்கத்து ஊரின் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அவர் மேலே போயிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாகப் பிரீத்தா ஃபோனில் சொன்னாள். அவள் குரலில் கோபம் இல்லை. மரியாதை கூடியிருந்தது. கோபப்பட்டிருந்தாலே தேவலை.

"அங்கிள் பேசணுமாம் ஆன்ட்டி. நான் வெளிய இருக்கேன்" என்று ஃபோனைக் கொடுத்தாள்.

முதலில் மெஷின் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அதற்குப் பின்னால் அவர் மூச்சு. விசில் இருந்தது, ஆனால் மெலிந்திருந்தது. நான் கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லீலா."

"எப்படி இருக்கு?"

"மாஸ்க் போட்டிருக்காங்க. மருந்து புகையா வருது. இப்ப பரவால்ல."

"ஏதாவது சாப்ட்டீங்களா?"

"சூப் குடுத்தாங்க." நிறுத்தி, இரண்டு மூச்சு எடுத்துக்கொண்டார். "மெசேஜ்ல என்ன எழுதின?"

"உள்ளதை எழுதினேன்."

"தினமும் அடிக்கிறார்னா எழுதின?"

"ஆமா."

"அவ சத்தமாப் படிச்சா, லீலா. எல்லாரும் நின்னுட்டிருந்தாங்க. நம்ம சபைப் பிள்ளைங்க நாலு பேரும்." அவர் குரல் உடைந்தது. மூச்சினால் அல்ல. "அதுல சின்னவன் ஒருத்தன், என் சாட்சியைக் கேட்டுத்தான் ஞானஸ்நானம் எடுத்தான். அவன் என் முகத்தையே பாக்கல."

"அவ படிச்சதாலதான் நீங்க இப்ப பேசிட்டிருக்கீங்க" என்றேன். கோபம் வந்துவிட்டது எனக்கு. அவ்வளவு பயமும் சேர்ந்து கோபமாகத்தான் வந்தது. "நான் இங்க செத்துப் பொழைச்சேன். உங்க பிள்ளை தெரியாத பாஷையில கெஞ்சிட்டிருந்தான். உங்களுக்கு அந்தப் பையன் உங்க முகத்தைப் பாக்கலைங்கறதுதான் கவலையா?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஸ்பானிஷில் ஏதோ கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் அழுகிறாரோ என்று காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். இல்லை.

"நீ முதல்ல சொன்ன பதில்லயே நின்னிருக்கலாம்" என்றார்.

"நின்னிருந்தா நீங்க செத்துப் போயிருப்பீங்க."

"தெரியும்" என்றார்.

கோபத்தில் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வருத்தத்தில் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரலோடு குடும்பம் நடத்துகிறேன். அவர் யோசித்து, நிதானமாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னார். "நர்ஸ் வந்துட்டாங்க, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

ஆட்ரியன் படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஸ் ஹி ஓகே?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கார்டா" என்றேன். அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நான் அவனிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.